பையன் பெட்டியும் தையல் மிஷினும்

2000ஆம் ஆண்டில் ஜப்பானின் ஜாகுவார் நிறுவனம் ஒரு புதுவகைத் தையல் மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நேர்த்தையலா, ஜிக்ஜாக்கா, காஜாவா, எழுத்துத் தையலா என்று தேர்ந்தெடுப்பதற்கு அந்த மிஷினோடு நின்டெண்டோவின் கேம் பாயை ஒரு வடத்தால் இணைக்க வேண்டும். கேம் பாய் என்பது உள்ளங்கையில் அடங்குகிற வீடியோ கேம் கருவி. அதன் சின்னத் திரையில் தையலைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால், எங்கெங்கே ஊசி இறங்க வேண்டும் என்ற கணக்கு வடத்தின் வழியே மிஷினுக்குப் போகும். கருவியின் முதுகில் அப்போது செருகியிருப்பது தையல் கேட்ரிட்ஜ். அமெரிக்காவில் இதே ஏற்பாட்டை ஐசெக் என்ற பெயரில் சிங்கர் நிறுவனம் விற்றது. நம் வீட்டுக் கூடங்களில் கறுப்பு மிஷினின் மேல் பொன்னெழுத்தில் பார்த்த அதே சிங்கர்தான். 2001இல் ஜாகுவாரிடமிருந்து மரியோ ஃபேமிலி என்று இன்னொரு கேட்ரிட்ஜ் வந்தது. மரியோவையும் அவன் கூட்டத்தாரையும் துணியில் எம்பிராய்டரியாகப் போட்டுத் தருவது அதன் வேலை.

பழைய வீடியோ கேம்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தையல் கேட்ரிட்ஜுகளைப் பெரும்பாலும் ‘விசித்திரமான பத்துப் பொருட்கள்’ வகைப் பட்டியல்களில்தான் சேர்ப்பார்கள். மீன் இருக்குமிடம் காட்டும் கருவி ஒன்றும் கேம் பாய்க்கு வந்தது. அதற்கும் அதே பட்டியலில்தான் இடம். ஆனால் மீன்பிடிக் கருவியைச் சொல்லும்போது வியப்பும், தையல் மிஷினைச் சொல்லும்போது சிரிப்பும் வருவதைக் கவனித்திருக்கிறேன். ‘பையன்’ என்று பெயர் வைத்த பெட்டியில் போய் யாராவது காஜா எடுப்பார்களா என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள்.

எடுத்திருக்கிறார்கள். பெட்டிக்குப் பெயர் என்னவாக இருந்தாலும் அது யார் கையில் இருந்தது என்பதற்கு நிறுவனத்தின் கணக்கே சாட்சி. கேம் பாய் 1989இல் ஜப்பானில் வெளியானது. 1995இல் நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை, கேம் பாய் ஆடுவோரில் 46 விழுக்காட்டினர் பெண்கள் என்று அறிவித்தது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் அதே நிறுவனத்தின் கருவிகளில் இந்தப் பங்கு 29, 14 என்ற அளவில்தான் இருந்தது. வரவேற்பறைத் தொலைக்காட்சி அண்ணனிடமோ அப்பாவிடமோ இருந்திருக்கும். கைப்பெட்டிக்கு யாரிடமும் முறை கேட்க வேண்டியதில்லை, போர்வைக்குள்ளும் ஆடலாம். இது என் ஊகம்தான், ஆனால் எண்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. 1993இல் விமானத்தில் ஹிலாரி கிளிண்டன் கேம் பாயும் கையுமாக உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. 1992இல் ‘பார்பி: கேம் கேர்ள்’ என்று ஒரு கேட்ரிட்ஜும் வந்தது. பெண்ணுக்குத் தனிப் பெயர் போட்டுத் தனிப் பொருள் விற்கிற அந்தப் பழைய உத்தியைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை.

கேட்ரிட்ஜ் என்றால் என்ன, அதை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். சாம்பல் நிற பிளாஸ்டிக் ஓட்டைத் திறந்தால் ஒரு சின்ன மின்பலகை; அதன் அடிவிளிம்பில் 32 செப்புப் பட்டைகள். பலகையில் ரோம் சிப் இருக்கும். படிக்க மட்டுமே முடிகிற நினைவகம் அது. ஆலையில் சிப்பைச் செய்யும்போதே நிரலும் அதற்குள் பதிந்துவிடும், பிறகு மாற்ற முடியாது. டெட்ரிஸ் கேட்ரிட்ஜில் இருப்பது 32 கிலோபைட். கேம் பாயால் ஒரே நேரத்தில் பார்க்க முடிவதும் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய விளையாட்டுகளில் இன்னொரு சிப் இருந்து, புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக் காட்டுவது போல ரோமின் பகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டும். 2000இல் வந்த போக்கிமான் கிரிஸ்டல் 2 மெகாபைட்.

கணினிமயமாக்குவது என்றால் இந்தப் பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் படியெடுப்பதுதான். யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைகிற சிறு வாசிப்பான்கள் இருக்கின்றன. வாசிப்பான் செப்புப் பட்டைகளில் ஒரு முகவரியை வைக்கும், சிப் அந்த முகவரியில் உள்ள எண்ணைத் திருப்பிச் சொல்லும். இப்படி லட்சக்கணக்கான முறை கேட்டு வாங்கினால் ஒரு கோப்பு உருவாகும். அந்தக் கோப்பிலிருந்து கணக்கிட்டெடுக்கும் சரிபார்ப்பு எண்ணை, வேறு பலர் தங்கள் கேட்ரிட்ஜிலிருந்து எடுத்த எண்ணோடு ஒப்பிடுவார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் அது ‘நல்ல படி’ என்று பட்டியலில் ஏறும். ஒரு பைட் மாறியிருந்தாலும் ஏறாது. சம்பளமில்லாமல், ஆண்டுக்கணக்கில், ஓயாமல் செய்யப்பட்ட வேலை இது. அதன் மீது எனக்கு மரியாதை உண்டு.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். மாறாத நினைவகம் என்ற பொருளைச் செய்த கைகள் யாருடையவை? 1960களில் நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் கணினிக்கு நிரல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரேதியான் ஆலையில் நெய்யப்பட்டது. உருவகமாகச் சொல்லவில்லை. காந்த வளையங்களுக்கு உள்ளே கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். அதை ஊசியால் கோத்தவர்கள் பெண் தொழிலாளர்கள். பொறியாளர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘கிழவி நினைவகம்’ என்ற பொருள்படும். 1965 முதல் 1975 வரை ஃபேர்சைல்ட் என்ற சிப் நிறுவனம் நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில், ஆலை நடத்தியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். கம்பளம் நெய்த விரல்களுக்குச் சிப் செய்வது இயல்பாகவே வரும் என்று நிறுவனம் விளம்பரம் செய்ததை லிசா நகமுரா 2014இல் ஒரு கட்டுரையில் அலசியிருக்கிறார். கற்றுத் தேர்ந்த திறமையைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி கூட்டித் தர வேண்டியதில்லை. ஷிப்ராக் ஆலை மூடிய மறு ஆண்டு, அதாவது 1976இல், ரோம் கேட்ரிட்ஜை மாற்றிப் போட்டு ஆடும் முதல் வீட்டு வீடியோ கேம் கருவியை வெளியிட்டதும் இதே ஃபேர்சைல்ட்தான். ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர் தலைமையில் அது உருவானது. அவர் பெயராவது இப்போது வரலாற்றில் ஏறிவிட்டது.

தையல் கேட்ரிட்ஜுக்குத் திரும்புவோம். அதன் ரோமைப் படியெடுப்பதில் பெரிய சிரமமில்லை. சிரமம் அதற்குப் பிறகுதான். அந்தக் கோப்பை எமுலேட்டரில், அதாவது கணினியில் கேம் பாய் போலவே நடிக்கும் மென்பொருளில், ஓட்டினால் தையல் வகைகளின் பட்டியல் வரும், தேர்ந்தெடுக்கலாம், அதோடு நிற்கும். வடத்தின் மறுமுனையில் மிஷின் இல்லை. சரிபார்ப்பு எண்ணெல்லாம் பொருந்துகிறது, கோப்பு பத்திரமாக இருக்கிறது, ஆனால் ஒரு தையல்கூட விழுவதில்லை.

ஷோனுமி என்ற புனைபெயரில் எழுதும் நிரலாளர் இந்தக் குறையைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். கேம் பாயோடு இணைத்த அபூர்வத் துணைக்கருவிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதுபவர் அவர். கேட்ரிட்ஜின் நிரல் மிஷினோடு என்ன மொழியில் பேசுகிறது, என்ன பதிலை எதிர்பார்க்கிறது என்று பிரித்துப் படித்தார். ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் பக்கவாட்டில் எவ்வளவு, நீளவாட்டில் எவ்வளவு நகர வேண்டும் என்ற எண்கள் வடத்தில் போகின்றன. அதைப் புரிந்துகொண்டு, தாம் எழுதிய எமுலேட்டரில் ஒரு பொய்த் தையல் மிஷினைச் சேர்த்தார். இப்போது கேட்ரிட்ஜ் அனுப்பும் தையல் கணினித் திரையில் கோடுகோடாக விழுகிறது. துணி இல்லை, நூலின் இழுப்பு இல்லை. ஆனாலும் அந்த கேட்ரிட்ஜ் எதற்காகச் செய்யப்பட்டதோ அது கண்ணுக்குத் தெரிகிறது. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையில் பணியாற்றிய கெல்சி லெவினும் கேம் பாய் தையல் மிஷின்களைத் தேடிப் பிடித்து ஒரு காணொளி செய்திருக்கிறார். இது விளையாட்டே இல்லையே, எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று இவர்கள் இருவரும் ஒதுக்கியிருந்தால் வேறு யார் செய்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

கெர்பி ஃபேமிலி என்று இன்னொரு எம்பிராய்டரி கேட்ரிட்ஜும் திட்டத்தில் இருந்தது. கடைக்கு வரவே இல்லை. 2020இல் நின்டெண்டோவின் உள்கோப்புகள் பெருமளவில் கசிந்தபோது அதற்குள் இதுவும் கிடைத்தது. நிறுவனம் இருபது ஆண்டுகள் தன்னிடம் வைத்திருந்து, விற்பனைக்கு விடாத பொருள். கசிந்த கோப்புகளில் தனிமனிதர்களின் அந்தரங்கமும் இருக்கும் என்பதால் கசிவைக் கொண்டாட என்னால் முடியாது. ஆனால் ஆவணத்தின் சாவி நிறுவனத்திடம் மட்டுமே இருந்தால் அந்தப் பூத்தையலின் கதி என்ன என்பதும் அதே சம்பவத்தில் தெரிந்துவிடுகிறது.

இதுவரை பேசியது கேட்ரிட்ஜில் நிறுவனம் எழுதியதைப் பற்றி. கேட்ரிட்ஜில் ஆடியவர் எழுதிய பகுதி ஒன்றும் உண்டு. விளையாட்டைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர வேண்டுமென்றால் எங்கே விட்டோம் என்பதைச் சேமிக்க வேண்டும். அதற்கென்று ரோமுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நினைவக சிப். மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு நினைவு. அதனால் பலகையிலேயே ஒரு பட்டன் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். பேட்டரி தீர்ந்த கணத்தில் பெயர், சேர்த்தவை, கடந்த தூரம் எல்லாம் போய்விடும். ரோமுக்கு ஒன்றும் ஆகாது, விளையாட்டு முதலிலிருந்து தொடங்கும்.

படியெடுப்பவர்களின் பட்டியலில் இந்த இரண்டாவது நினைவுக்கு இடமில்லை. இருக்கவும் முடியாது: ஒவ்வொரு கேட்ரிட்ஜிலும் அது வேறு, எதோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. ரோம் எல்லோருக்கும் ஒன்று, அதனால் அது வரலாறு. சேமிப்பு அவரவருக்கு ஒன்று, அதனால் அது குப்பை. வரலாற்றில் எதை வைத்துக்கொண்டார்கள், எதைக் கொட்டினார்கள் என்று தேடிப் போன பெண்களுக்கு இந்தப் பாகுபாடு புதிதாக இருக்காது. அரசாணைகள் காப்பகத்தில் இருக்கும். அடுக்களைக் கணக்கு நோட்டு எடைக்குப் போயிருக்கும்.

கேம் பாய் கேமராவில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1998இல் வந்த இந்த கேட்ரிட்ஜின் தலையில் உருளும் கண் போல ஒரு லென்ஸ். 128க்கு 112 புள்ளிகளில், நான்கு சாயல்களில், 30 படங்கள் வரை எடுக்கலாம். கூடவே வந்த சின்ன அச்சுக் கருவியில் பசைத்தாளில் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஜப்பானில் அப்போது பதின்வயதுப் பெண்கள் கூட்டமாகப் போய்ப் படமெடுத்து ஒட்டுத்தாளாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் கூண்டுகள் பெரும் அலையாக இருந்தன. அந்தக் கூண்டின் யோசனையைச் சொன்னவரும் அட்லஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த சசாகி மிஹோ என்ற பெண்தான். கேம் பாய் கேமரா அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அச்சான தாள் வெப்பத்தாள், பஸ் டிக்கெட் போல வெளுத்துவிடும். மூலப்படமோ பேட்டரி நினைவில். அந்த கேட்ரிட்ஜின் ரோம் கோப்பு இன்று ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும். தோழிகள் எடுத்துக்கொண்ட முப்பது படங்கள் பேட்டரியோடு போய்க்கொண்டிருக்கின்றன. வாசிப்பான்களால் இந்த இரண்டாவது நினைவையும் படியெடுக்க முடியும் என்பதுதான் வேதனை. தொழில்நுட்பம் தடையில்லை. இதையும் எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும்.

அடுத்து, மாற்றியமைப்பது. ரோம் சிப்பைத் திருத்த முடியாது, ஆனால் படியெடுத்த கோப்பைத் திருத்தலாம். திருத்தியதை, அழித்து எழுதக்கூடிய புது கேட்ரிட்ஜில் ஏற்றிப் பழைய கேம் பாயிலேயே ஆடலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கைவைக்க முடியாது. கேம் பாயை இயக்கியதும் அது முதலில் பார்ப்பது கேட்ரிட்ஜின் தொடக்கத்தில் நின்டெண்டோ சின்னத்தின் 48 பைட் இருக்கிறதா என்றுதான். ஒரு புள்ளி மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். கதையை மாற்றலாம், நாயகனை மாற்றலாம், நிறுவனத்தின் கையெழுத்தை மட்டும் அப்படியே விட வேண்டும்.

நாயகனை மாற்றுவதுதான் இதில் நமக்கு முக்கியம். 1996இல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் கேட்ரிட்ஜுகளில் நீங்கள் பையன்தான், வேறு வழியில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்காகவே கென் சுகிமோரி வரைந்த படங்களில் இரண்டு பையன்களோடு ஒரு பெண்ணும் நிற்கிறாள். படத்தில் இருந்தவள் கேட்ரிட்ஜுக்குள் வரவில்லை. பிகாச்சுவுக்கு உருவம் கொடுத்தவர் நிஷிதா அட்சுகோ என்ற பெண். அவர் வரைந்த எலி உலகம் சுற்றியது, அதைப் பிடித்து வளர்க்க ஒரு பெண்குழந்தைக்கு அந்த விளையாட்டில் உடல் இல்லை. 2000 டிசம்பரில் கிரிஸ்டல் வந்தபோதுதான் விளையாட்டு முதன்முறையாக, நீ பையனா பெண்ணா என்று கேட்டது.

பெண் நாயகியே இல்லையா, மெட்ராய்டின் சாமுஸ் இருக்கிறாளே என்று கேட்பவர்கள் உண்டு. 1991இல் கேம் பாய்க்கு வந்த மெட்ராய்டு இரண்டாம் பாகத்தில் முழுக்க முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவள் சாமுஸ். குறித்த நேரத்துக்குள் ஆடி முடித்தால் கவசம் கழன்று நீச்சலுடையில் நிற்பாள். கெட்டிக்கார ஆட்டக்காரனுக்குப் பரிசு.

கிரிஸ்டலின் நிரலை ஆர்வலர்கள் வரிவரியாகப் பிரித்து, மனிதர் படிக்கும் வடிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடுபவர் ஆணா பெண்ணா என்பதற்கு அதில் ஒரே ஒரு பிட்: பூஜ்யம் என்றால் பையன், ஒன்று என்றால் பெண். அந்த ஒரு பிட்டுக்குப் பின்னால் வேலை உண்டு. அவளை முன்னாலிருந்து, பின்னாலிருந்து, நடக்கும்போது, சைக்கிளில் போகும்போது என்று வரைய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். பெண்ணைச் சேர்க்க இடம் போதவில்லை, நேரம் போதவில்லை என்று நிறுவனங்கள் சொல்லும்போது அந்தச் செலவு எவ்வளவு என்பதை இப்போது யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். எண்ணிப் பார்த்தவர்கள் 1996 கேட்ரிட்ஜின் கோப்பிலும் அந்தப் படத்துப் பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள்.

இத்தகைய திருத்தங்களில் ஊடகங்கள் கொண்டாடியவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல் மைக் மிகா என்ற நிரலாளர், பாலினாக ஆட வேண்டும் என்று கேட்ட தன் சிறு மகளுக்காக, நின்டெண்டோவின் வீட்டுக் கருவிக்கு வந்த டாங்கி காங் கேட்ரிட்ஜைத் திருத்தி, பாலின் மரியோவை மீட்பதாக மாற்றினார். அழகான காரியம், செய்தியானது. அதே காலத்தில் ஒரு பெண், முதல் ஸெல்டா விளையாட்டில் இளவரசியே புறப்பட்டுப் போய் லிங்கை மீட்பதாகத் திருத்தியிருந்தார். ‘மகளுக்காக அப்பா’ என்ற தலைப்புக்குக் கிடைத்த கைத்தட்டல், தனக்காகத் தானே செய்துகொண்ட பெண்ணுக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை.

திருத்துவது வரலாற்றைத் திரிப்பதாகாதா என்ற கேள்வி நியாயமானது. 1996இல் பெண் இல்லை என்பதும் ஒரு வரலாற்று உண்மை, அதை அழகுபடுத்தி மறைக்கக் கூடாது. இதற்கு இந்தத் துறையே ஒரு நல்ல வழக்கத்தை உருவாக்கியிருக்கிறது. திருத்தியவர்கள் பொதுவாக முழுக் கோப்பை வெளியிடுவதில்லை. எந்த இடத்தில் எந்த பைட் எதுவாக மாறுகிறது என்ற வேறுபாட்டுப் பட்டியலை மட்டும் தனிக் கோப்பாக வெளியிடுகிறார்கள். மூலம் தொடப்படாமல் இருக்கும். பட்டியலை அதன் மேல் வைத்தால் திருத்திய விளையாட்டு கிடைக்கும். சுவடி பதிப்பித்தவர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தது போல, இரண்டும் அருகருகே இருக்கின்றன. அவள் இல்லாமல் இருந்ததும் பதிவாகிறது, அவளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் பதிவாகிறது.

சட்டம் இதையெல்லாம் ஓரக்கண்ணால்தான் பார்க்கிறது. வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது கடையில் கிடைக்கவில்லை. கேம் பாய் குடும்பத்தில் கிடைத்தவை 5.87 விழுக்காடு மட்டுமே. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்து காட்ட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. கிரிஸ்டல் 2018இல் நின்டெண்டோவின் இணையக் கடையில் மறுபடி விற்பனைக்கு வந்தது. 2023 மார்ச்சில் அந்தக் கடையை மூடினார்கள். அந்த வரிசையில் பெண்ணாக ஆட இடம் கொடுத்த முதல் விளையாட்டு அது. அதில் வந்த கிரிஸ் என்ற பெண் பின்னாளில் அதே கதையை மறுபடி எடுத்தபோது சேர்க்கப்படவில்லை. அவள் இடத்துக்கு வேறொருத்தியை வைத்தார்கள்.

பழைய கிரிஸ்டல் கேட்ரிட்ஜுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதில் நிஜ நேரம் காட்டும் கடிகாரமும் அதே பட்டன் பேட்டரியில்தான் ஓடுகிறது, ஆகவே மற்ற கேட்ரிட்ஜுகளைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். பேட்டரியை மாற்ற நினைப்பவர்கள் பற்றுக்கோலைச் சூடாக்குவதற்கு முன், வாசிப்பானில் செருகிச் சேமிப்பைப் படியெடுத்துவிட வேண்டும். புது பேட்டரி வைத்தபின் அதைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். 32 கிலோபைட், சில வினாடி வேலை. அந்தக் கோப்பைத் திறந்தால், ஏழு எழுத்துக்குள் அடக்கிய ஒரு பெயர் இருக்கும். பெண் என்று தேர்ந்தெடுத்தவளாக இருந்தால், அந்த ஒரு பிட்டும் ஒன்று என்று இருக்கும்.